கோவில்பட்டி மாடி ஸ்டுடியோ: எங்கள் 1980 பத்தாம் வகுப்புப் படத்தைச் சரிசெய்து கொடுத்த விதம்

பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று வீட்டில் நாளுக்கு நாள் கெட்டுக்கொண்டே வருகிறது, யாரிடம் கொடுப்பது, கொடுத்தால் பத்திரமாகத் திரும்பி வருமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த ஸ்டுடியோவில் நான் கொடுத்தது ஒரே ஒரு படம்தான். செப்டம்பர் முதல் வாரம் கொடுத்து டிசம்பர் கடைசியில் வாங்கினேன். இடையில் பதினோரு தடவை அந்த மாடிப்படி ஏறியிருக்கிறேன். நல்லதையும் சொல்கிறேன், குறையையும் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். படத்தின் கதையைச் சொல்லாமல் அங்கே நடந்த வேலையைச் சொல்ல முடியாது.

1980 மார்ச் மாதம் எடுத்த வகுப்புப் படம் அது. கோவில்பட்டியில் ஒரு பெண்கள் பள்ளி, பத்தாம் வகுப்பு. பரீட்சைக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு எடுத்தார்கள். கேமராக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, கையை மட்டும் வெளியே நீட்டி, “அந்தக் கடைசிப் பாப்பா, உள்ளே தள்ளி நில்லு” என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. நாற்பத்தொரு பேர். தரையில் ஒரு வரிசை, நாற்காலியில் ஆசிரியைகள், பின்னால் நிற்பவர்கள் இரண்டு வரிசை. எல்லோருக்கும் நீலப் பாவாடை, வெள்ளைத் தாவணி, மடித்துக் கட்டிய இரட்டைச் சடை. படம் ஒட்டியிருந்த அட்டையில் கீழே எங்கள் பெயர்கள், மேலே பள்ளியின் பெயர், அதன் கீழே ‘திருநெல்வேலி மாவட்டம்’. எங்கள் பக்கம் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1986-இல்தான். ஸ்டுடியோவில் வேலை பழகும் பையன், “தூத்துக்குடின்னு மாத்திரவாம்மா?” என்று கேட்டான். வேண்டாம் என்றேன். நாங்கள் படித்தது திருநெல்வேலி மாவட்டத்தில்.

படம் ஒன்று பதினைந்து ரூபாய். அன்றைக்கு அது பெரிய காசு. எங்களில் பாதிப் பேர் விடியற்காலையில் எழுந்து தீப்பெட்டிக்கு அடிப்பெட்டியும் மேல்பெட்டியும் ஒட்டிவிட்டுத்தான் பள்ளிக்கு வருவார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் திரும்பவும் பசைச் சட்டி முன்னால் உட்கார வேண்டும். நாற்பத்தொரு பேரில் படம் வாங்கியது பதினான்கு பேர். என் அப்பா தபால்காரர். மாதச் சம்பளம் வருகிற வீடு என்பதால் எனக்கு ஒரு படம் வாய்த்தது.

அதை இத்தனை வருஷம் கழித்துத் தேடி எடுத்ததற்குக் காரணம் ஓய்வுதான். நானும் தபால் துறையில்தான் வேலை பார்த்தேன். 2025 மே 31 அன்று ஓய்வு பெற்றேன். உண்மையில் நான் 1966 தையில் பிறந்தவள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதற்காகத் தலைமையாசிரியர் 1.6.1965 என்று எழுதிவிட்டார். என்னை மட்டுமில்லை, அந்த வருஷம் சேர்ந்த பல பிள்ளைகளுக்கும் அதே தேதி. ஒன்றாம் தேதி பிறந்தவர்களுக்கு முந்தின மாதத்துக் கடைசி நாளிலேயே ஓய்வு வந்துவிடும். அன்றைக்குச் சாயங்காலம் மாலையும் சால்வையுமாக வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றுவதற்குள் போன் அடித்தது.

“ஏட்டி, உனக்கும் இன்னைக்குத்தானா?”

எட்டயபுரத்துக்காரி. எங்கள் பக்கத்தில் ஆளை ஊரை வைத்துச் சொல்வது வழக்கம், பள்ளியிலும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டோம். பொது இடம் என்பதால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அவள் அரசுப் பள்ளி ஆசிரியை. 58-இல் வந்துவிடுவேன், அதன்பிறகு பேரனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மகளிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். அரசு ஓய்வு வயதை 2020-இல் 59 ஆக்கியது, 2021-இல் 60 ஆக்கியது. வாக்கு இரண்டு வருஷம் தள்ளிப்போய், பேரன் நடக்க ஆரம்பித்த பிறகுதான் அவளால் வர முடிந்தது. அன்று இரவு ஒன்றரை மணி நேரம் பேசினோம். ‘உனக்கு அவளைத் தெரியுமா, இவள் எங்கே இருக்கிறாள்’ என்று கேட்டுக் கேட்டு ஆகஸ்ட் மாதத்துக்குள் ஒன்பது பேர் சேர்ந்துவிட்டோம். ஒன்பது பேரும் சொன்னது ஒன்றுதான்: அந்தப் படம் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.

பரணில் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. எடுத்துப் பார்த்ததும் எனக்குக் கை ஓடவில்லை. படம் முழுக்க மஞ்சள் ஏறி, ஓரமெல்லாம் பொரிந்திருந்தது. நிற்பவர்களில் கடைசி வரிசையில் இடமிருந்து நான்காவது பெண்ணுக்கு முகமே இல்லை. நெற்றியிலிருந்து தாவணி மடிப்பு வரைக்கும் வெறும் வெள்ளைக் காகிதம்.

சரி, ஸ்டுடியோவுக்கு வருகிறேன். மெயின் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், பாத்திரக்கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. நடத்துகிறவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். படத்தைக் கொடுத்ததும் துணியை எடுத்துத் துடைக்கவில்லை. அதுவே எனக்குப் பிடித்தது. இதற்கு முன்னால் நான் காட்டிய வேறொரு கடையில் மேஜையில் போட்டு உள்ளங்கையால் ஒரு துடைப்புத் துடைத்தார்கள், ஓரத்தில் ஒரு துணுக்கு உதிர்ந்தே போனது. இவர் கை கழுவிவிட்டு வந்து, இரண்டு ஓரத்தையும் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். கறுப்பாக இருக்க வேண்டிய இடங்களில், சடைகளின் மேல், கண்ணாடியில் பாதரசம் பூசினதுபோல ஒரு நீலப் பளபளப்பு.

“வெள்ளி மேல வந்திருக்கும்மா. கறுப்பு வெள்ளைப் படத்துல கறுப்புங்கிறதே வெள்ளிதான். ஈரமும் காத்தும் பட்டுப் பட்டு மேலுக்கு வந்துரும். மஞ்சளுக்குக் காரணம் வேற. கழுவும்போது ஹைப்போங்கிற மருந்தை நல்லா அலசாம விட்டிருப்பாங்க. அப்ப தண்ணிக் கஷ்டம் இருந்திருக்கும்.”

1980 மார்ச்சில் கோவில்பட்டியில் தண்ணீர்க் கஷ்டம் இருந்ததா என்று இந்த ஊர்க்காரர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒரு குடத்துக்காக நாங்கள் எவ்வளவு தூரம் நடந்தோம் என்று எனக்குத் தெரியும். அந்தத் தண்ணீரில்தான் எங்கள் முகங்களையும் அலசியிருக்கிறார்கள். 45 வருஷம் கழித்து அதை ஒருவர் படத்தைப் பார்த்தே சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

முகம் போனதற்கு ராமபாணப் பூச்சி காரணம் என்றார். படத்தின் மேல் பூசியிருக்கும் ஜெலட்டினைத்தான் அது அரித்துத் தின்னுமாம். அந்த ஜெலட்டினில்தான் உருவம் இருக்கிறது. அது போனால் அடியில் உள்ள காகிதம் மட்டும்தான் மிச்சம்.

பிறகு ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினார். நான் அந்தப் பெண்ணுக்கு முன் வரிசையில் நிற்கிறேன். என் முகத்தையே நான் அடையாளம் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தபோது வேலை பழகும் பையன், “அம்மா, உங்க தோள்ல ஒரு கை இருக்கு” என்றான். இருந்தது. என் இடது தோளில், தாவணியின் மேல், நாலு விரல். முகம் போன பெண்ணின் கை. இன்னும் பெரிதாக்கியபோது விரல் நுனிகள் மற்ற இடத்தைவிட வெள்ளையாக இருந்தன. காய்ந்த பசை.

அப்போதுதான் யார் என்று எனக்கு ஞாபகம் வந்தது. அதுவரை குழப்பம். இந்த ஊரில் செண்பகவல்லி அம்மன் பெயர் இல்லாத வகுப்பே இருக்காது, எங்கள் வகுப்பில் மூன்று பேருக்கு அதே பெயர், இனிஷியல்தான் வேறு. அட்டையில் அந்த இனிஷியலும் அழிந்திருந்தது. விரலைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, புத்தூர்க்காரி. நாலாட்டின்புத்தூரிலிருந்து வருவாள், தமிழ் வகுப்பில் என் பக்கத்தில் உட்காருவாள். விரல் நுனியில் காய்ந்திருக்கும் பசையைப் பாடம் நடக்கும்போது ஒவ்வொரு விரலாக உரித்துக்கொண்டே இருப்பாள். உரித்த துணுக்குகளைக் கீழே போடாமல் மடியில் சேர்த்து வைத்திருந்து, மணி அடித்ததும் வெளியே போய் உதறிவிட்டு வருவாள்.

இந்த ஸ்டுடியோவைப் பற்றி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இனிமேல்தான் வருகிறது. “இந்த இடத்தை என்ன செய்யலாம் தம்பி” என்று கேட்டேன். “கம்ப்யூட்டரே ஒரு முகம் போட்டுக் குடுத்துரும். காட்டுறேன், பாருங்க” என்றார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. வெள்ளையாக இருந்த இடத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். மூக்குத்தி, சின்னப் பொட்டு, லேசான சிரிப்பு. வெளிச்சம் விழும் பக்கம்கூட மற்றவர்களுக்கு எப்படியோ அப்படியே. நான் அதைப் போனில் படம் எடுத்து எங்கள் குழுவில் போட்டேன். எதுவும் சொல்லாமல், “இது யார்?” என்று மட்டும் கேட்டேன்.

ஐந்து நிமிஷத்தில் மூன்று பேர் “புத்தூர்க்காரி” என்று எழுதிவிட்டார்கள். ஒருத்தி, “அந்தச் சிரிப்பு அப்படியே இருக்கு” என்று குரல் செய்தியே போட்டாள்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தத் தம்பியிடம் காட்டினேன். அவர் உடனே அந்த முகத்தை அழித்துவிட்டார். “இதுக்குத்தாம்மா நான் போட மாட்டேன். இப்ப பிரிண்ட் போட்டுக் குடுத்தேன்னா, நாளைக்கு எல்லாருக்கும் இதுதான் அவங்க மூஞ்சி. அவங்களே வந்து நின்னாலும் நம்ப மாட்டாங்க. வேற காப்பி யார்கிட்டயாவது இருக்கும், தேடுங்க. கிடைக்கலைன்னா அந்த இடத்தை வெறுமனே விட்டுருவோம். நான் காத்திருக்கேன்” என்றார். அந்த முகத்தோடு பிரிண்ட் போட்டு அன்றைக்கே என்னிடம் காசு வாங்கியிருக்கலாம், நானும் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். அவர் செய்யவில்லை. இந்த ஒன்றுக்காகவே நான் யாருக்கும் இந்த இடத்தைச் சொல்வேன்.

அப்புறம் காப்பி தேடும் வேலை. படம் வாங்கிய மற்ற பதின்மூன்று பேரையும் கண்டுபிடிக்க வேண்டும். பெண்கள் என்பதால் அது அவ்வளவு லேசில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அப்பாவின் இனிஷியல் போய் வீட்டுக்காரரின் இனிஷியல் வந்துவிடுகிறது, ஊர் மாறிவிடுகிறது, ரேஷன் கார்டு வேறு எங்கோ. ஒவ்வொருத்தியாகக் கண்டுபிடித்து “படம் இருக்கா?” என்று கேட்டால், இருக்கு இல்லை என்று யாரும் ஒரு வார்த்தையில் சொல்லவில்லை. எல்லோரும் 45 வருஷத்தையும் சொல்லிவிட்டுத்தான் படத்துக்கு வந்தார்கள். நானும் கேட்டேன். ஓய்வு பெற்றவளுக்கு நேரம் இருக்கிறதே.

இளையரசனேந்தல்காரி வீட்டுக்காரரோடு சேர்ந்து தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறாள். சின்னப் பிள்ளையில் கூலிக்குப் பெட்டி ஒட்டியவள் இப்போது முதலாளி அம்மா. “ஓய்வா? எனக்கு யாருட்டி ஓய்வு குடுப்பா?” என்றாள். ஒரு ரூபாய்ப் பெட்டி 14 வருஷம் கழித்து 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது. விலை ஏறிய கொஞ்ச நாளிலேயே பிளாஸ்டிக் லைட்டர் வந்து வியாபாரத்தைத் தின்றுவிட்டது, 2023-இல் 20 ரூபாய்க்குக் கீழான லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்தபோது கோயிலில் அர்ச்சனை செய்தேன் என்று சொன்னாள். அவளிடம் இருந்த படம் வீடு மாற்றும்போது தொலைந்துவிட்டதாம்.

ஒருத்தி மும்பை தாராவியில். பிள்ளைகள் அங்கேயே வளர்ந்து மராத்தியும் இந்தியும் பேசுகிறார்கள், இவள் இன்னும் கனவில் தெப்பக்குளத்தைத்தான் பார்க்கிறாளாம். அவளிடமும் படம் இல்லை. இரண்டு பேர் வீட்டில் கரையான். ஐந்து பேர் இறந்துபோயிருந்தார்கள். அதில் ஒருத்தி வகுப்பு லீடர், பிரசவத்தில் 1986-லேயே போய்விட்டாள் என்பது அவள் தங்கை சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. நாங்கள் எல்லோரும் ஏதோ ஒரு ஊரில் அவள் பெரிய வேலையில் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கடைசியில் படம் கழுகுமலையில் கிடைத்தது. கழுகுமலைக்காரி சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். 1982 ஜூலையில் திட்டம் தொடங்கியது, இவள் அடுத்த இரண்டாவது வருஷம் வேலையில் சேர்ந்தாள். நாற்பது வருஷம் அரிசி மூட்டையை எண்ணி, முட்டையை எண்ணி, கணக்கு எழுதி, அறுபதில் வெளியே வந்தாள். 2025-இல் அவளுக்கு மாதம் 2,000 ரூபாய் சிறப்பு ஓய்வூதியம். “பிள்ளைக சாப்பிட்டுட்டுத் தட்டைக் கழுவுற சத்தம் மத்தியானமானா காதுல கேக்குதுட்டி. அதுதான் தாங்க முடியல” என்றாள். பணத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை.

அவள் வீட்டுச் சுவரில், சாமி படங்களுக்குப் பக்கத்தில், எங்கள் படம் சட்டத்தோடு தொங்கியது. ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் அந்த ஜெலட்டின் இளகி இளகிக் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. புத்தூர்க்காரியின் முகம் இருக்கும் இடம் சரியாக ஒட்டின இடத்தில். நான் சட்டத்தின் பின்பக்க ஆணியைக் கழற்றப் போனேன். நல்லவேளை, முதலில் ஸ்டுடியோவுக்குப் போன் செய்து கேட்டேன். “கழட்டாதீங்கம்மா, தொடவே செய்யாதீங்க. இழுத்தா மூஞ்சி கண்ணாடியோட போயிரும். சட்டத்தோட அப்படியே துணியில சுத்தி, பஸ்ல மடியிலயே வச்சுக் கொண்டு வாங்க” என்றார். கழுகுமலையிலிருந்து கோவில்பட்டி வரைக்கும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தேன்.

கண்ணாடியை எடுக்காமலே அதன் வழியாகப் படம் எடுத்தார். அறையை இருட்டாக்கி, இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து, விளக்குகளின் முன்னால் கறுப்புக் கண்ணாடி மாதிரி ஒரு தாளைக் கட்டினார். கேமராவின் முன்னாலும் அதே வகைக் கண்ணாடி. கேமராவையும் அதன் காலையும் கறுப்புத் துணியால் மூடினார். இல்லாவிட்டால் கேமராவின் பிம்பமே கண்ணாடியில் தெரியுமாம். கேமராவின் முன்னால் இருந்த கண்ணாடியைத் திருப்பத் திருப்ப, திரையில் பளபளப்பு குறைந்துகொண்டே வந்து, ஒரு இடத்தில் கண்ணாடியே இல்லாததுபோல ஆனது. எட்டுத் தடவை எடுத்தார். இதற்குத் தனியாக ஒரு பைசா கேட்கவில்லை.

அதில் இருந்த முகத்துக்கு மூக்குத்தி இல்லை, சிரிப்பும் இல்லை. கன்னம் ஒட்டிய, நெற்றி அகன்ற, கேமராவைக் கொஞ்சம் பயத்தோடு பார்க்கிற பெண். இவள்தான். இந்தப் படத்தைக் குழுவில் போட்டபோது முன்னால் “புத்தூர்க்காரி” என்று எழுதிய மூன்று பேரும் ரொம்ப நேரம் ஒன்றும் எழுதவில்லை.

அந்த முகத்தை என் படத்தின் ஸ்கேனில் பொருத்தி, மஞ்சளை நீக்கி, பளபளப்பைக் குறைத்து முடிக்க நாள் பிடித்தது. பருக்கள், தழும்புகள், தாவணியில் இருந்த ஒட்டுத்தையல் எதையும் அவர் தொடவில்லை. முகத்தை வழவழப்பாக்கவா என்று கேட்டதற்கு நான் வேண்டாம் என்றதும், “நானும் அதைத்தான் நினைச்சேன்” என்றார். வண்ணம் ஏற்ற வேண்டாம் என்று நாங்களே சொல்லிவிட்டோம்.

இனி குறைகள். பத்து நாளில் தருகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து எண்ணினால், காப்பி கிடைத்த பிறகும்கூட, முப்பத்திரண்டு நாள் ஆனது. முகூர்த்த மாதம், கல்யாண ஆல்பம் வேலை என்று ஒவ்வொரு தடவையும் காரணம் சொன்னார். போன் செய்தால் எடுப்பதில்லை, நேரில்தான் போக வேண்டும். படி இருபத்திரண்டு, செங்குத்தான படி, கைப்பிடி இல்லை. பழைய படங்களோடு வருகிறவர்கள் எல்லோரும் எங்கள் வயதுக்காரர்கள். அதற்காகவாவது ஒரு கம்பி போட வேண்டும். நான் சொன்னேன், போடுகிறேன் என்றார், ஜனவரி வரைக்கும் போடவில்லை. கீழே நின்று கூப்பிட்டால் பையனை அனுப்பிப் படத்தை வாங்கிக்கொள்வார்கள், அது உண்டு.

பெரிய தவறு ஒன்றும் நடந்தது. கீழே பெயர்களைப் புதிதாக அச்சடித்தபோது மூன்று அம்மன் பெயர்க்காரிகளின் இனிஷியலையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டார்கள். புத்தூர்க்காரியின் முகத்துக்கு நேரே வேறொருத்தியின் அப்பா பெயர். இருபது பிரிண்ட் போட்ட பிறகுதான் கவனித்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு தேடிக் கண்டுபிடித்த ஆள் திரும்பவும் தொலைந்த மாதிரி. அவர் வாதாடவில்லை, இருபதையும் கிழித்துவிட்டுத் தன் செலவில் திரும்பப் போட்டுக் கொடுத்தார். உங்கள் படத்தில் பெயர்கள் இருந்தால் அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள்.

செலவு: ஸ்கேனும் சரிசெய்தலும் சேர்த்து 3,500 ரூபாய். பதினெட்டுக்குப் பன்னிரண்டு அங்குல பிரிண்ட் ஒன்று 650. சட்டம் போட்டால் மேலே 1,100. வேறு கடைகளைவிடக் கூடுதல்தான். ஆனால் பளபளக்காத கனமான தாள், சட்டத்துக்குள் படம் கண்ணாடியைத் தொடாதபடி நடுவில் அட்டை வைத்துத் தருகிறார். கழுகுமலைக்காரி வீட்டுப் படத்தைப் பார்த்த பிறகு அந்த அட்டையின் அருமை எனக்குத் தெரியும்.

புத்தூர்க்காரியை நான் கண்டுபிடித்தது எங்கள் துறையால்தான். நாலாட்டின்புத்தூரில் தபால் கொடுக்கும் ஊழியரிடம் கேட்டேன், அவள் தம்பி வீட்டைக் காட்டினார். தம்பி திருப்பூர் நம்பர் கொடுத்தார். பதினேழு வயதில் கல்யாணம், அப்புறம் பிழைப்புக்குத் திருப்பூர். பனியன் கம்பெனியில் செக்கிங், 58 வரைக்கும். இப்போது பி.எஃப். பென்ஷன் வருகிறது, போதாது, வீட்டில் பீஸ் வாங்கிப் பிசிர் வெட்டுகிறாள். “நான் படம் வாங்கலையேட்டி. அதுல என் மூஞ்சி எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது” என்றாள். போனில் அனுப்பட்டுமா என்றேன். வேண்டாம், நேரில் பார்க்கிறேன் என்றாள்.

டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை, எட்டயபுரத்துக்காரி வீட்டு மாடியில் பத்தொன்பது பேர் கூடினோம். மேலே கலர்த் தேங்காய்ப்பூ தூவிய கடலைமிட்டாய், சேவு, வாழையிலைச் சாப்பாடு. காலையில் பாதி நேரம் முட்டிவலி, சர்க்கரை, மருமகள். மீதி நேரம் ஓய்வுப் பணத்தை எங்கே போடுவது என்று என்னிடம்தான் கேட்டார்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு உச்சவரம்பு 2023-இலிருந்து 30 லட்சம், அன்றைக்கு வட்டி 8.2 சதவீதம், யாரோ சொல்கிற சீட்டில் போடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். வர முடியாதவர்களுக்குப் படத்தைச் சுருட்டி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினேன். பதிவுத் தபால் அதோடு சேர்ந்துவிட்டது, நான் வெளியே வந்த சில மாதத்திலேயே.

புத்தூர்க்காரி திருப்பூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்திருந்தாள். படத்தை மடியில் வைத்தோம். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு படத்தில் என் தோள் இருக்கும் இடத்துக்குக் குனிந்து, ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “பசை தெரியுது பாரேன்” என்றாள். அவள் கட்டைவிரல், நகத்தோரம் கத்திரி பட்டுக் காய்த்துப்போன விரல், படத்தில் இருந்த விரல்களின் மேல் இருந்தது.

பெரிய படம் வைக்க வீட்டில் சுவர் இல்லை, பர்ஸில் வைக்கிற மாதிரி ஒன்று கிடைக்குமா என்று கேட்டாள். மறுநாள் திங்கட்கிழமை அவளையே கூட்டிக்கொண்டு படியேறினேன். நாலாவது ஆள் இவர்தான் என்று சொன்னதும் அந்தத் தம்பி எழுந்து நின்றுவிட்டார். அஞ்சலட்டை அளவில் இரண்டு போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மற்ற நாளில் காலை பத்தரைக்கு மேல் போங்கள், மத்தியானம் ஒரு மணி நேரம் பூட்டிவிடுவார். படம் சட்டத்தில் இருந்தால் சட்டத்தோடு கொண்டுபோங்கள். கண்ணாடியை நீங்கள் கழற்ற வேண்டாம்.